சிந்தாமல் நிறையும் கலம்

நுழையும்முன்

களத்தில் தூற்றிய நெல்லைக் குதிரில் சேர்க்கும்போது வழியில் சிந்திய மணிகளைக் கூட்டி அள்ளுவது உழவர் வழக்கம். மலையளவு சரக்கைக் கடலில் மிதக்கும் கலத்திற்குள் கொட்டும் துறைமுகத்திலும் அதே கவனம் தேவைப்படுகிறது. அங்கே சிந்துவது பொருள் மட்டுமன்று. அதனால் தொழிலாளரின் மூச்சும் கடலின் தூய்மையும் கெடுகின்றன. மொத்தச் சரக்கு சிந்துவதற்கான காரணங்களையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

உறையில்லாச் சரக்கு

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்திருந்த பண்டப் பொதிகளில் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பொதியாகக் கட்டிய பண்டத்தை எண்ணலாம். அதன்மீது முத்திரை பதிக்கலாம். ஒரு பொதி குறைந்தாலும் கண்டறியலாம். ஆனால், நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல், உப்பு, கோதுமை, உரம் போன்றவை இன்று பெருமளவில் பொதியில் கட்டப்படாமலே கப்பலின் சரக்கறைகளில் நேரடியாகக் கொட்டப்படுகின்றன. இவற்றை மொத்தச் சரக்குகள் என்பர். இவற்றுக்கு உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. இவற்றைக் கையாளும் முறையில் உள்ள ஒழுங்கே இவற்றுக்குக் காவல்.

மொத்தச் சரக்கை ஏற்றிச் செல்லும் கப்பல்களுள் பனாமாக்ஸ் என்பது ஒருவகை. பனாமா கால்வாயின் பழைய நீர்ப்பூட்டுகளுக்குள் நுழையத்தக்க அளவில் கட்டப்பட்டதால் அது இப்பெயர் பெற்றது. இவ்வகைக் கப்பல் ஏறத்தாழ 225 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் உடையது. பெரும்பாலும் ஏழு சரக்கறைகளைக் கொண்டது. அது சுமக்கும் சரக்கு ஏறத்தாழ 70,000 டன் எனக் கொள்வோம். பத்து டன் ஏற்றும் சரக்குந்துகளில் அதனைக் கொண்டுசெல்வதாயின் 7,000 வண்டிகள் வேண்டும். இவ்வளவு சரக்கையும் ஓரிரு நாள்களுக்குள் ஏற்றிவிடும் ஆற்றல் இன்றைய எந்திரங்களுக்கு உண்டு.

சரக்கு செல்லும் வழி

எந்திரமயமான துறைமுகத்தில் சரக்கு செல்லும் வழி நீண்டது. தொடர்வண்டியில் வந்த நிலக்கரியைப் பெட்டியோடு கவிழ்த்துக் கொட்டுகிறது ஓர் எந்திரம். கொட்டிய நிலக்கரி சேமிப்புத் திடலில் நீண்ட மேடுகளாகக் குவிக்கப்படுகிறது. கப்பல் வந்தபின், வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரம் அம்மேட்டைச் சுரண்டி எடுத்துக் கன்வேயர் பட்டையில் இடுகிறது. ஒரு பட்டையிலிருந்து மற்றொரு பட்டைக்குச் சரக்கு மாறும் இடத்தில் மாற்றுக்கோபுரம் அமைந்திருக்கும். இறுதிப் பட்டை, ஷிப் லோடர் எனப்படும் ஏற்றுபொறியைச் சென்றடைகிறது. கப்பல் நிற்கும் தளத்தில் தண்டவாளத்தின்மீது நகரும் இப்பொறி, தன் நீண்ட கையைக் கப்பலின்மேல் நீட்டி, அதன் நுனியில் தொங்கும் சரிவுக்குழாய் வழியாகச் சரக்கைச் சரக்கறைக்குள் இறக்குகிறது.

இவ்வழியில் சரக்கு எத்தனை முறை கைமாறுகிறதோ, அத்தனை முறை சிந்துவதற்கும் வாய்ப்பு உண்டாகிறது.

குவியலே காரணம் கூறும்

சிந்திய சரக்கு கிடக்கும் இடத்தைக் கூர்ந்து நோக்கினால், அது சிந்தியதற்கான காரணத்தை அறியலாம்.

மாற்றுக்கோபுரத்தின் அடியில் குவியல் இருந்தால், மேலிருந்து விழும் சரக்கு கீழ்ப்பட்டையின் நடுவில் விழவில்லை என்பது பொருள். பட்டையின் ஓரத்தில் விழுந்த சரக்கு தெறித்து வெளியேறுகிறது. பட்டை நெடுகிலும் ஒரே பக்கத்தில் மட்டும் குவியல் நீண்டிருந்தால், பட்டை தன் நேர்கோட்டிலிருந்து விலகி ஓடுகிறது என்பது பொருள். இரு பக்கங்களிலும் சிந்தியிருந்தால், தாங்கும் அளவினும் மிகுதியான சுமை ஏற்றப்பட்டிருக்கக் கூடும்.

சரக்கைக் கொட்டிவிட்டுத் திரும்பும் பட்டையின் அடியிலும் சிறுசிறு குவியல்கள் காணப்படுவதுண்டு. ஈரமான தூள் பட்டையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, திரும்பும் வழியில் ஒவ்வோர் உருளையிலும் உதிர்வதால் அவை உண்டாகின்றன. பட்டையைத் துடைக்கும் சுரண்டி தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. கப்பலின் மேல்தளத்தில் சரக்கு சிதறிக் கிடந்தால், ஒரு சரக்கறையிலிருந்து மற்றொன்றிற்கு ஏற்றுபொறி நகர்ந்தபோது பட்டை வெறுமையாக்கப்படவில்லை என உணரலாம்.

ஆகவே, கூட்டி அள்ளுவதற்கு முன் குவியலைப் படிப்பது இன்றியமையாதது. குவியலைப் படிக்காமல் கூட்டி அள்ளினால், நாளையும் அதே இடத்தில் அதே குவியல் சேரும்.

கணக்கில் வராத இழப்பு

ஒரு டன்னுக்கு ஒரு கிலோ மட்டுமே சிந்துவதாகக் கொள்வோம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால், 70,000 டன் ஏற்றி முடிக்கும்போது 70 டன் சிந்தியிருக்கும். அது ஏழு சரக்குந்துகளின் சுமை.

இவ்விழப்பு கப்பலின் கணக்கில் தெரிவதில்லை. கப்பல் ஏற்றிய சரக்கின் எடையை ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தின் துணைகொண்டு அளப்பர். கப்பலின் முன்புறம், நடுப்புறம், பின்புறம் ஆகிய மூன்றிடங்களில் இருபக்கமும் பொறிக்கப்பட்ட ஆறு அளவுகோல்களைப் பார்த்து, கப்பல் எவ்வளவு அமிழ்ந்துள்ளது என்று குறித்துக்கொள்வர். கடல்நீரின் அடர்த்தி, கப்பலிலுள்ள நீர், எரிபொருள் ஆகியவற்றையும் கணக்கிட்டுச் சரக்கின் எடையைப் பெறுவர். மேற்சொன்ன அளவுடைய கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ, ஏறத்தாழ 65 டன் சுமை வேண்டும். எனவே, சிந்திய 70 டன் என்பது கப்பலின் அமிழ்வில் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே கடந்த வேறுபாடு மட்டுமே. அலையாடும் நீர்மட்டத்தில் அதனைப் பிரித்தறிவது அரிது. இவ்வளவை முறையில் அரை விழுக்காடு வரை பிழை நேரலாம் எனக் கொள்வதும் வழக்கம்.

கணக்கேடு காணாத அந்த இழப்பைப் பட்டையின் அருகில் நிற்கும் தொழிலாளி காண்கிறார். ஆகவே, அவர் கண்டு கூறும் குறையைக் கேட்டுச் சரிசெய்வதிலிருந்தே சீர்திருத்தம் தொடங்க வேண்டும்.

சிந்தியது சேரும் இடம்

சிந்திய சரக்கை யாரேனும் ஒருவர் அள்ளியாக வேண்டும். ஓடும் பட்டையின் அடியில் மண்வெட்டியை நீட்டுவோரின் கருவியையோ ஆடையையோ உருளை கவ்வி இழுத்துவிடக் கூடும். அதனால்தான் பட்டையை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டிய பின்னரே அடியில் நுழைய வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. நெருக்கடி நேரத்தில் இழுத்தவுடன் பட்டையை நிறுத்தும் கயிறும் பட்டை நெடுகிலும் கட்டப்பட்டிருக்கும். ஏற்றும் பணி தடைபடக் கூடாது என்னும் அவசரத்தில் இவ்விதி மீறப்படும்போது விபத்து நேர்கிறது. சிந்துவதைக் குறைத்தால், ஒருவர் பட்டையின் அடியில் நுழைய வேண்டிய தேவையும் குறைகிறது.

காற்றில் எழும் தூசி துறைமுகத்தின் மதிலோடு நிற்பதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்ட காலத்தில், அருகிலுள்ள குடியிருப்புகளில் தூசி படிவது குறித்து மக்கள் தொடர்ந்து முறையிட்டனர். 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், அவ்விரு சரக்குகளையும் அங்குக் கையாளுவதை நிறுத்துமாறு ஆணையிட்டது. நிலக்கரி கையாளும் பணி எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாறியது. தூசியைக் கட்டுப்படுத்தத் தவறினால் ஒரு துறைமுகம் தன் தொழிலின் ஒரு பகுதியையே இழக்க நேரிடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

கப்பலுக்கும் தளத்திற்கும் இடையில் விழுவது கடலில் சேர்கிறது. கப்பலின் மேல்தளத்தில் கிடப்பதைக் கடலில் தள்ளிக் கழுவிவிடுவது ஒருகாலத்தில் இயல்பாக இருந்தது. கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு, 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கடல்வாழ் சூழலுக்குத் தீங்கு செய்யும் சரக்கு எச்சங்களைக் கடலில் விடுவதைத் தடைசெய்கிறது.

தடுக்கும் வழிகள்

சிந்துவதைத் தடுக்கும் முதல் வழி, சரக்கு விழும் உயரத்தைக் குறைப்பதாகும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள், தரையைத் தொடும்போது வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தை அடையும். அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற்கு ஒப்பானது. அவ்வேகத்தில் மோதும் நிலக்கரி உடைந்து தூளாகிறது. தூள் தூசியாகிக் காற்றில் எழுகிறது. ஆதலால், ஏற்றுபொறியின் சரிவுக்குழாய் நீண்டு சுருங்கும் வகையில் அமைக்கப்படுகிறது. ஏற்றத் தொடங்கும்போது குழாயின் வாய் சரக்கறையின் அடிப்பகுதிக்கு அருகில் இருக்கும். சரக்கின் மட்டம் உயர உயரக் குழாயும் மேலே ஏறும்.

இரண்டாவது வழி, சரக்கின் ஓட்டத்தைத் திருத்துவதாகும். மாற்றுக்கோபுரத்தில் சரக்கு செங்குத்தாக விழுந்தால் கீழ்ப்பட்டையைத் தாக்கித் தெறிக்கும். அதற்கு மாறாக, வளைந்த தகடுகளின்மீது வழுக்கிச் சென்று, கீழ்ப்பட்டை ஓடும் திசையிலேயே ஏறத்தாழ அதன் வேகத்திலேயே இறங்குமாறு வழி அமைத்தால் தாக்கம் தணியும். ஓடும் பேருந்தில் ஏறுபவர் அது செல்லும் திசையிலேயே ஓடிச்சென்று ஏறினால் தடுமாற்றம் குறைவதைப் போன்றது இது.

மூன்றாவது வழி பராமரிப்பு. சரக்கு விழும் இடத்தில் பட்டையின் இருபுறமும் பொருத்திய இரப்பர் ஓரத்தடுப்புகள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். திரும்பும் பட்டையைத் துடைக்கும் சுரண்டிகளை அவ்வப்போது முடுக்கிச் சரிசெய்ய வேண்டும். சுழலாமல் நின்றுவிட்ட உருளைகளை நீக்க வேண்டும். பட்டைக்கு மேல் மூடியிட்டால் காற்று தூளை அள்ளிச் செல்லாது. கப்பலுக்கும் தளத்திற்கும் இடையில் தார்ப்பாய் விரித்தால் கடலில் விழுவதைத் தாங்கிக்கொள்ளலாம். இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டும் பணியன்று. நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டிய பணி.

நீரின் இரு முகங்கள்

தூசியை அடக்க நீர் தெளிப்பது எளிய வழி. ஆயினும், அளவறிந்து தெளிக்க வேண்டும். நுண்ணிய இரும்புத்தாதுத் தூளில் ஈரம் மிகுந்தால், பார்வைக்கு உலர்ந்த மண்போலத் தோன்றினும் கப்பலின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் அது சேறுபோல் இளகத் தொடங்கும். இளகிய சரக்கு ஒருபக்கம் சரிந்தால் கப்பலும் அப்பக்கம் சாயும். மீண்டும் நிமிராமலே கவிழ்ந்துவிடவும் கூடும்.

2009ஆம் ஆண்டு இந்தியக் கடற்பகுதியில் இரும்புத்தாதுத் தூளை ஏற்றிச்சென்ற இரு கப்பல்கள் மூழ்கின. ஜூலையில் மங்களூருக்கு அருகில் ஏஷியன் ஃபாரஸ்ட், செப்டம்பரில் பாரதீப்புக்கு அருகில் பிளாக் ரோஸ். மழைக்காலத்தில் நிகழ்ந்த இவ்விபத்துகள், சரக்கின் ஈரத்தைக் குறித்த எச்சரிக்கையை உலகெங்கும் வலுப்படுத்தின. திடநிலையிலுள்ள மொத்தச் சரக்குகளுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2011 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. இளகும் தன்மையுள்ள சரக்கைப் பாதுகாப்பாக ஏற்றத்தக்க ஈரத்தின் மேல்வரம்பை ஆய்வகத்தில் கண்டறிய வேண்டும் என்றும், அதனினும் ஈரம் மிகுந்த சரக்கைச் சாதாரணக் கப்பலில் ஏற்றலாகாது என்றும் அது வரையறுக்கிறது.

ஆகவே, தூசியடக்க நீரைப் பொழிந்தால் போதும் என்று எண்ணுவது பிழை. சரக்கு விழும் இடத்தில் மட்டும் மெல்லிய பனிபோல் நீரைத் தூவுவதும், விழும் உயரத்தைக் குறைப்பதும், தூசியை உறிஞ்சி எடுப்பதும் இணைந்தே பயன்தரும். ஒரு தீங்கைப் போக்கும் முயற்சி மற்றொரு பெருந்தீங்கிற்கு வழிவகுக்காமல் காப்பதும் பொறியியலின் கடமையாகும்.

தெரியுமா?

சரக்கின் ஈரத்தைக் குறித்து ஐயம் எழுந்தால் கப்பலிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அரை முதல் ஒரு லிட்டர் கொள்ளும் தகரக் குவளையில் பாதியளவு சரக்கை இட்டு, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான பரப்பின்மீது ஓரிரு வினாடி இடைவெளியில் 25 முறை தட்ட வேண்டும். மேற்பரப்பில் நீர் கசிந்தாலோ சரக்கு குழைந்தாலோ, மறுபடியும் ஆய்வகச் சோதனை செய்த பின்னரே சரக்கை ஏற்ற வேண்டும். நீர் கசியவில்லை என்பதனாலேயே சரக்கு பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிடவும் கூடாது.

விரைவும் வரிசையும்

கப்பல் துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் செலவு உண்டு. அதனால் விரைந்து ஏற்ற வேண்டும் என்னும் நெருக்கடி எப்போதும் இருக்கும். மணிக்கு 4,000 டன் ஏற்றும் அமைப்பில் 70,000 டன்னை ஏற்ற, இடைநிறுத்தம் இல்லையெனில் பதினேழரை மணிநேரம் ஆகும். அளவுமீறி 4,400 டன் வீதம் ஏற்றினால் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் மிச்சமாகும். ஆனால், மிகைச்சுமையால் ஒரே ஒருமுறை சரிவுக்குழாய் அடைத்து, அதனைச் சீர்செய்ய இரண்டு மணிநேரம் ஆனால், மிச்சமான நேரம் முழுவதும் போய், அதற்குமேலும் இழப்பாகும். சீரான ஓட்டமே உண்மையான விரைவு என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

எந்தச் சரக்கறையில் எப்போது எவ்வளவு ஏற்றுவது என்பதற்கும் வரிசை உண்டு. நடு அறைகளை மட்டும் நிரப்பினால் கப்பலின் நடுப்பகுதி தொய்யும்; இருமுனைகளை மட்டும் நிரப்பினால் முனைகள் தாழ்ந்து நடுப்பகுதி மேல்நோக்கி வளையும். இவ்வளைவு அளவு கடந்தால் கப்பலின் உடலே முறிய நேரிடும். எனவே, ஒவ்வோர் அறையையும் ஒரே முறையில் நிரப்பாமல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சுற்றுகளில் நிரப்புவர். சரக்கில்லாமல் வரும் கப்பல், நிலைபெறுவதற்காகப் பாலாஸ்ட் என்னும் நீரைச் சுமந்து வரும். சரக்கு ஏற ஏற அந்நீரை வெளியேற்ற வேண்டும். நீரிறைக்கும் வேகம் சரக்கேற்றும் வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை எனில், ஏற்றுபொறி எவ்வளவு ஆற்றல் மிக்கதாயினும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் கப்பலின் அதிகாரியும் துறைமுகத்தின் பொறுப்பாளரும் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வரையறுத்து ஒப்பமிட வேண்டும் என்று, 1997இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்ற பாதுகாப்பு நெறித்தொகுப்பு கூறுகிறது.

அவ்வுடன்பாட்டின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பட்டை வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். சேமிப்புத் திடலில் சுரண்டுவதை நிறுத்திய பின்னும், பட்டைமீதுள்ள சரக்கு முழுவதும் வந்துசேர ஆறு நிமிடங்களுக்கு மேலாகும். மணிக்கு 4,000 டன் வீதத்தில் அது 400 டன்னுக்கு மேற்பட்ட சரக்காகும். அதனைக் கணக்கிடாமல் “நிறுத்துக” என்று கடைசி நேரத்தில் கூறினால், அச்சரக்கு வேண்டாத அறையிலோ மேல்தளத்திலோதான் சென்று விழும். உரிய நேரத்தில் கூறினால், பட்டை வெறுமையான பின் ஏற்றுபொறி அடுத்த அறைக்குச் சிந்தாமல் நகரும்.

கொட்டிய சரக்கு சரக்கறையில் கூம்பாகக் குவியும். அக்கூம்பின் சாய்வு, இயற்பியல் பாடத்தில் பயிலும் சறுக்குக்கோணத்தைச் சார்ந்தது. ஓர் இடத்திலேயே கொட்டினால் சரக்கு உச்சியாக உயர்ந்து நிற்கும், கடற்பயணத்தில் சரியும். ஆதலால் சரிவுக்குழாயைத் திருப்பித் திருப்பிச் சரக்கைப் பரப்பிச் சமன்செய்வர். சரிந்து விழாத சரக்கே சேருமிடத்தைச் சிக்கலின்றி அடைகிறது.

கண்ணும் கையும்

சரக்கு ஏற்றும் பணியைச் சீர்திருத்த வேண்டுமெனில் புதிய எந்திரங்களை வாங்க வேண்டும் என்று எண்ணுவோர் பலர். எந்திரம் தேவையே. ஆயினும், தேய்ந்த சுரண்டியைக் கண்டு சொல்லும் கண்ணும், சொன்ன அன்றே அதனை மாற்றும் கையும் இல்லாத இடத்தில் புதிய எந்திரமும் பழையபடியே சிந்தும்.

அதனால், சில எளிய பழக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு கப்பலும் புறப்பட்ட பின், எவ்விடத்தில் எவ்வளவு சிந்தியது என்பதை எடையிட்டுக் குறித்துவைக்க வேண்டும். அடுத்த கப்பல் வருமுன் அதற்கான காரணத்தைக் களைய வேண்டும். அதற்கடுத்த கப்பலில் அளவு குறைந்துள்ளதா என ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அளத்தல், காரணம் அறிதல், களைதல், மீண்டும் அளத்தல் என்னும் இவ்வரிசை துறைமுகத்திற்கு மட்டும் உரியதன்று. நெல்களத்திற்கும் நியாயவிலைக் கடைக்கும் பள்ளிச் சமையற்கூடத்திற்கும் பொருந்தும்.

ஏற்றி முடித்த கப்பல் துறையை விட்டு நகரும்போது, அது நின்ற தளத்தைப் பார்த்தாலே அங்கு நடந்த பணியின் தரம் விளங்கும். தளம் தூய்மையாக இருந்தால், அங்குப் பணியாற்றியோர் சரக்கை மட்டுமன்றி ஒருவரையொருவரும் காத்துக்கொண்டனர் என்பது பொருள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் நெல், மணல், உப்பு, நிலக்கரி போன்ற ஏதேனும் ஒரு பொருளை ஏற்றி இறக்கும் இடத்தை ஆசிரியர் துணையுடன் பார்வையிடுக. சரக்கு சிந்தும் இடங்களையும் அவற்றுக்கான காரணங்களையும் பட்டியலிடுக.

2. உலர்ந்த மணல், அரிசி, கேழ்வரகு ஆகியவற்றைத் தனித்தனியே ஒரே உயரத்திலிருந்து மெல்லக் கொட்டி, அவை அமைக்கும் கூம்புகளின் சாய்வை அளந்து ஒப்பிடுக. வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

3. “சீரான ஓட்டமே உண்மையான விரைவு” – இக்கருத்தை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் ஒரு பக்க அளவில் விளக்கி எழுதுக.